வலிப்பது தாடை… பிரச்சினை கழுத்திலா? ஓசூர் ஷிஃப்ட் தொழிலாளர்கள் முதல் ஐ.டி. ஊழியர்கள் வரை தெரிந்துகொள்ள வேண்டியவை

விடிவதற்கு முன்பே ஓசூர் சாலையோரங்களில் கம்பெனி பஸ்ஸுக்காக ஆட்கள் நிற்கத் தொடங்கிவிடுகிறார்கள். ஒரு கையில் டிபன் பை, இன்னொரு கையில் போன். தலை குனிந்தே இருக்கிறது. பஸ் வந்ததும் சீட்டில் சாய்ந்து ஒரு குட்டித் தூக்கம், அப்போதும் தலை ஒரு பக்கமாகத் தொங்குகிறது. பிறகு எட்டு மணி நேரம் லைனில் குனிந்து வேலை. திரும்பும்போது மறுபடியும் போன்.

அதே நேரத்தில் இன்னொரு கூட்டம் அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டி எலக்ட்ரானிக் சிட்டிக்குப் போய்க்கொண்டிருக்கிறது. வாடகை குறைவு என்று ஓசூரில் வீடு, வேலை பெங்களூருவில். அவர்களின் நாள் முழுக்க லேப்டாப் முன்னால் போகிறது.

இந்த இரண்டு கூட்டத்திலும் சிலருக்கு ஒரு விசித்திரமான வலி வருகிறது. காதுக்கு முன்னால், கன்னத்தின் ஓரத்தில் மந்தமாக வலிக்கும். கொட்டாவி விட்டால் ‘டக்’ என்று சத்தம் கேட்கும். பரோட்டாவை மென்றால் தாடை சோர்ந்துவிடும். காதில் பிரச்சினை என்று காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் போனால், “காது நல்லாத்தான் இருக்கு” என்பார். பல் டாக்டரிடம் போனால் எக்ஸ்-ரேயில் ஒன்றும் தெரியாது. ‘சரி, கடவாய்ப்பல்லாகத்தான் இருக்கும்’ என்று நல்ல பல்லைப் பிடுங்கிக்கொண்டு, வலி அப்படியே தொடர்பவர்களும் உண்டு.

பல்லும் காதும் காரணம் இல்லை என்றால் வலி எங்கிருந்து வருகிறது? உட்காரும் விதத்துக்கும் தாடை வலிக்கும் உண்மையிலேயே தொடர்பு இருக்கிறதா?

தாடை மூட்டு எப்படி வேலை செய்கிறது?

இரண்டு ஆள்காட்டி விரல்களையும் காதுக்குச் சற்று முன்னால் வைத்து, வாயை மெதுவாகத் திறந்து மூடுங்கள். விரலுக்கு அடியில் ஒன்று உருண்டு முன்னால் நகர்வது தெரியும். அதுதான் தாடை மூட்டு. கீழ்த் தாடை எலும்பு மண்டை ஓட்டோடு சேரும் இடம் அது. இரண்டு எலும்புகளுக்கும் நடுவே மெத்தை மாதிரி ஒரு சிறிய தட்டு இருக்கிறது.

கதவுக் கீல் ஒரே அச்சில் சுழலும். தாடை மூட்டு சுழல்வதோடு முன்னால் வழுக்கவும் செய்யும். இடது, வலது மூட்டுகள் இரண்டும் ஒரே எலும்பின் இரு முனைகள் என்பதால், ஒன்று தடுமாறினால் மற்றொன்றும் பாதிக்கும்.

இந்த மூட்டிலோ, அதை இயக்கும் தசைகளிலோ வரும் வலி, சத்தம், இறுக்கம் எல்லாவற்றையும் சேர்த்து ‘தாடை மூட்டுக் கோளாறுகள்’ என்கிறார்கள். உலக அளவில் பெரியவர்களில் சுமார் 6 முதல் 9 சதவீதம் பேருக்கு இது இருப்பதாகக் கணிக்கப்படுகிறது. நாள்பட்ட தசை, எலும்பு வலிகளில் முதுகு வலிக்கு அடுத்த இடம் இதற்குத்தான்.

இதைப் பற்றிய பேச்சு புதிதல்ல. 1934-லேயே ஜேம்ஸ் காஸ்டன் என்ற அமெரிக்க காது, மூக்கு, தொண்டை மருத்துவர், காது வலியோடு வரும் சிலருக்குத் தாடை மூட்டில் கோளாறு இருக்கலாம் என்று எழுதினார். அவர் சொன்ன காரணங்கள் பல பின்னர் ஏற்கப்படவில்லை. ஆனால் காது வலி என்று வருபவரின் தாடையையும் பார்க்க வேண்டும் என்ற பழக்கம் நிலைத்துவிட்டது.

கழுத்துக்கும் தாடைக்கும் என்ன சம்பந்தம்?

முதலில் ஒரு சின்ன சோதனை. நிமிர்ந்து உட்கார்ந்து, பற்களை மெதுவாக ‘டக் டக்’ என்று தட்டுங்கள். எந்தப் பற்கள் முதலில் தொடுகின்றன என்று கவனியுங்கள். இப்போது தலையைப் பின்னால் சாய்த்து, கூரையைப் பார்த்தபடி தட்டுங்கள். பிறகு நன்றாகக் குனிந்து தட்டுங்கள். பலருக்குப் பற்கள் தொடும் இடம் ஒவ்வொரு முறையும் மாறும். தலையைச் சாய்த்தால் பின்பற்கள், குனிந்தால் முன்பற்கள் முதலில் தொடுவதாக உணர்வார்கள்.

பற்களில் எதுவும் மாறவில்லை. தலை இருக்கும் நிலை மாறியதால் கீழ்த் தாடை தொங்கும் நிலையும் மாறிவிட்டது. காரணங்கள் மூன்று.

ஒன்று, தசைகளின் இழுப்பு. கீழ்த் தாடையிலிருந்து தொண்டை எலும்புக்கும், அங்கிருந்து நெஞ்செலும்பு, தோள்பட்டைக்கும் தசைகள் ஓடுகின்றன. கழுத்து முன்னால் நீண்டு, திரையைப் பார்க்க முகம் மட்டும் மேலே நிமிர்ந்தால், இந்தத் தசைகள் இழுபட்டு கீழ்த் தாடையைப் பின்னாலும் கீழேயும் இழுக்கும். வாய் திறந்துவிடாமல் இருக்க, கன்னத்தில் உள்ள மெல்லும் தசைகள் எதிர்ப்பக்கம் இழுத்துப் பிடிக்க வேண்டும். வேலை லேசானதுதான். ஆனால் மணிக்கணக்கில் நடக்கிறது.

இரண்டாவது, நரம்புகளின் சந்திப்பு. முகம், தாடையிலிருந்து வரும் வலிச் செய்திகளும், கழுத்தின் மேல் பகுதியிலிருந்து வரும் முதல் மூன்று நரம்புகளின் செய்திகளும் மூளைத்தண்டின் அடியில் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் வந்து சேர்கின்றன. இரண்டு தெருக்காரர்களுக்கும் ஒரே தபால் பெட்டி இருப்பது மாதிரி. கடிதம் எந்தத் தெருவிலிருந்து வந்தது என்பதில் மூளைக்குக் குழப்பம் வரும். அதனால்தான் கழுத்துப் பக்கத்துத் தசையில் உள்ள முடிச்சு, தாடையின் மூலையிலும் நெற்றிப்பொட்டிலும் வலியாகத் தெரியலாம்.

மூன்றாவது, பாரம். பெரியவர் ஒருவரின் தலை சுமார் 5 கிலோ எடை. தண்ணீர்க் குடத்தை இடுப்போடு அணைத்துத் தூக்குவதற்கும், கையை நீட்டித் தூக்குவதற்கும் எவ்வளவு வித்தியாசம்? அதே கணக்குதான் கழுத்துக்கும். அமெரிக்க முதுகெலும்பு அறுவை சிகிச்சை நிபுணர் கென்னத் ஹன்ஸ்ராஜ் 2014-ல் வெளியிட்ட கணிப்பின்படி, தலை 15 டிகிரி குனிந்தால் கழுத்தில் விழும் விசை சுமார் 12 கிலோ. 30 டிகிரியில் 18 கிலோ, 45 டிகிரியில் 22 கிலோ, 60 டிகிரியில் 27 கிலோ. அதாவது 25 கிலோ அரிசிப் பையை விடவும் அதிகம்.

இந்த எண்கள் வாட்ஸ்அப்பில் நிறையச் சுற்றுகின்றன. ஆனால் இது கம்ப்யூட்டர் மாதிரியை வைத்துப் போட்ட கணக்கு, ஆட்களிடம் அளந்து பார்த்தது அல்ல. கழுத்தின் பாரத்தைச் சொல்லும் கணக்கே தவிர, தாடை வலி வரும் என்று நிரூபிக்கும் கணக்கு அல்ல.

அப்போ, கூன் போட்டால் தாடை வலி வருமா?

‘ஆமாம்’ என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது.

தலையும் கழுத்தும் இருக்கும் நிலைக்கும் தாடைக் கோளாறுக்கும் உள்ள தொடர்பு பற்றி அதுவரை வந்த ஆய்வுகளை 2006-ல் ஒரு குழு தொகுத்துப் பார்த்தது. ஆய்வுகளின் தரம் போதவில்லை, தொடர்பு தெளிவாக இல்லை என்பதே முடிவு. நன்றாகக் குனிந்து உட்காரும் எத்தனையோ பேருக்குத் தாடை வலி கிடையாது. நேராக உட்காருபவர்களுக்கும் அது வருகிறது.

அமெரிக்காவில் ‘ஓப்பேரா’ என்ற பெரிய ஆய்வு, 18 முதல் 44 வயது வரையிலான, தாடை வலி இல்லாத ஆயிரக்கணக்கானோரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தது. ஆண்டுக்குச் சுமார் 4 சதவீதம் பேருக்குப் புதிதாக வலி வந்தது. யாருக்கு அதிகம் வந்தது என்று பார்த்தால், தூக்கம் கெட்டவர்கள், மன அழுத்தத்தில் இருப்பவர்கள், உடலின் வேறு இடங்களில் ஏற்கெனவே வலி உள்ளவர்கள் முன்னால் நின்றார்கள்.

அதே சமயம் இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2000-ம் ஆண்டில் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்க இதழில் வந்த ஆய்வில், தசை சார்ந்த தாடை வலி உள்ள 60 பேர் இரண்டு குழுவாகப் பிரிக்கப்பட்டார்கள். இரு குழுவுக்கும் வீட்டில் செய்ய வேண்டிய பராமரிப்பு சொல்லித்தரப்பட்டது. ஒரு குழுவுக்கு மட்டும் கூடுதலாக உடல் நிலையைச் சரிசெய்யும் பயிற்சி. அந்தக் குழுவில் அறிகுறிகள் சராசரியாக 42 சதவீதம் குறைந்தன. மற்ற குழுவில் 8 சதவீதம்தான்.

2023 டிசம்பரில் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் வெளியிட்ட வழிகாட்டுதல், மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் தாடை வலிக்கு எதைச் செய்யலாம், எதைத் தவிர்க்கலாம் என்று பட்டியலிட்டது. வலுவாகப் பரிந்துரைக்கப்பட்டவற்றில், பிசியோதெரபிஸ்ட் மேற்பார்வையில் செய்யும் உடல் நிலைப் பயிற்சியும் தாடைப் பயிற்சியும் இருக்கின்றன. மனநல ஆலோசனை முறையான அறிதல் நடத்தை சிகிச்சையும் இருக்கிறது.

சுருக்கமாகச் சொன்னால், குனிந்து உட்காருவது மட்டுமே தாடை வலியைக் கொண்டுவருகிறது என்று சொல்ல ஆதாரம் இல்லை. ஆனால் வலி வந்துவிட்டவருக்குக் கழுத்தையும் உடல் நிலையையும் சேர்த்துச் சரிசெய்தால் பலன் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு.

அதிகம் பேர் கவனிக்காத பழக்கம்

இதைப் படிக்கும் இந்த நொடியில் உங்கள் மேல், கீழ்ப் பற்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றனவா?

தொடக் கூடாது. ஓய்வாக இருக்கும்போது மேல், கீழ்ப் பற்களுக்கு நடுவே 2 முதல் 4 மில்லிமீட்டர் இடைவெளி இருப்பதுதான் இயல்பு. மெல்லுவது, விழுங்குவது எல்லாம் சேர்த்துப் பார்த்தாலும், ஒரு நாளில் பற்கள் உண்மையில் தொட்டுக்கொள்ள வேண்டிய நேரம் சில நிமிடங்கள்தான்.

ஆனால் கவனம் தேவைப்படும் வேலையில் நாம் அறியாமலேயே பல்லைக் கடிக்கிறோம். நுணுக்கமான பாகங்களைப் பொருத்தும்போது, சிறிய திருகுகளை முடுக்கும்போது, டார்கெட் முடிக்க வேண்டிய கடைசி அரை மணி நேரத்தில், சூப்பர்வைசர் பின்னால் வந்து நிற்கும்போது இது நடக்கும். லேப்டாப்பில் ‘டெட்லைன்’ நேரத்திலும் இதே கதைதான். ‘பல்லைக் கடிச்சுக்கிட்டு வேலை பார்க்கிறேன்’ என்று சும்மா சொல்வது இல்லை, உடம்பு அதை அப்படியே செய்கிறது.

தலை குனிந்த நிலையும் பல் கடிப்பதும் பெரும்பாலும் ஒன்றாகவே வருகின்றன. கூர்ந்து பார்க்கக் கழுத்து முன்னால் போகும், தோள் மேலே ஏறும், பல் இறுகும். இவற்றில் எது முதலில் என்று பிரித்துப் பார்ப்பது கடினம்.

நைட் ஷிஃப்ட் இதை இன்னும் சிக்கலாக்குகிறது. வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறினால் தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் வலி தாங்கும் சக்தி குறையும். விழித்திருக்க அடுத்தடுத்து குடிக்கும் டீ, காபியும், புகைப்பழக்கமும், மதுவும் தூக்கத்தில் பல் நறநறப்பதோடு தொடர்புடையவை என்று ஆய்வுகள் காட்டுகின்றன.

“நேரா உட்காரு” என்றால் போதுமா?

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் இந்தப் பகுதி 1970-களில் சிப்காட் வந்த பிறகு மாறிப்போன பகுதி. லாரி, டூ-வீலர், வாட்ச் என்று தொடங்கி இன்று எலக்ட்ரானிக்ஸ், மின்சார வாகனங்கள் வரை வந்துவிட்டது. தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசும் ஊர் மக்களோடு, தென்மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வந்த இளைஞர்கள் இங்கே வேலை செய்கிறார்கள்.

லைனில் நிற்கும் ஒருவர் எப்படி நிற்க வேண்டும் என்பதை அவர் தீர்மானிப்பதில்லை. மேசையின் உயரம், வெளிச்சம், பாகங்கள் வைத்திருக்கும் தூரம், அடுத்த பீஸ் வரும் வேகம் ஆகியவைதான் தீர்மானிக்கின்றன. மேசை தாழ்வாக இருந்தால் கழுத்து வளைந்தே தீரும். வெளிச்சம் குறைந்தால் முகம் முன்னால் போயே தீரும். அவரிடம் போய் “நேரா உட்காருப்பா” என்பது பழியை மட்டும் அவர் தலையில் போடுவது.

1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்திலேயே இதற்கு இடம் இருந்தது. நின்றுகொண்டே வேலை செய்பவர்கள் இடையில் கிடைக்கும் நேரத்தில் உட்கார வசதி இருக்க வேண்டும் என்றது அதன் 44-வது பிரிவு. தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, அதற்குள் குறைந்தது அரை மணி நேர இடைவேளை தர வேண்டும் என்றது 55-வது பிரிவு. கடைகளில் நாள் முழுக்க நிற்கும் ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாடு அரசு தனிச் சட்டத் திருத்தமே கொண்டுவந்தது.

மேசை உயரத்தைச் சரிசெய்வது, குனியாமல் பார்க்கும்படி பாகங்களைச் சாய்வாக வைப்பது, ஒரே ஆளை நாள் முழுக்க ஒரே இடத்தில் நிறுத்தாமல் சுழற்சியில் மாற்றுவது ஆகியவை பெரிய செலவு பிடிக்காதவை. கம்பெனியின் பாதுகாப்புக் குழுக் கூட்டத்தில் ‘கழுத்து வலி, தாடை வலி’ என்று பெயர் சொல்லிப் பேசினால்தான் இவை நடக்கும்.

நீங்களே செய்யக்கூடியவை

* உதடு மூடி, பல் விலகி: ‘ன்’ என்று சொல்லிப் பாருங்கள். நாக்கின் நுனி மேல்வாயில், முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால் தொடும். நாக்கை அங்கேயே லேசாக வைத்து, உதட்டை மூடி, பற்களை விலக்கி வையுங்கள். தாடை ஓய்வெடுக்கும் நிலை இதுதான். டீ பிரேக், சைரன், போன் நோட்டிஃபிகேஷன் என ஏதாவது ஒன்றை அடையாளமாக வைத்து, அது வரும்போதெல்லாம் பற்களைக் கவனியுங்கள்.

* திரையை மேலே கொண்டுவாருங்கள்: தலையைக் கீழே கொண்டுபோவதற்குப் பதில் போனைக் கண் உயரத்துக்குத் தூக்குங்கள். லேப்டாப்புக்கு அடியில் நான்கு தடிமனான புத்தகங்களை வைத்து, தனி கீபோர்டு போட்டால் போதும்.

* முகவாயை உள்ளே இழுக்கும் பயிற்சி: நேராகப் பார்த்தபடி, தலையைக் குனியாமல், முகவாயை மட்டும் பின்னால் தள்ளுங்கள். இரட்டைத் தாடை விழுவது போல இருக்கும். 5 விநாடி நிறுத்தி விடுங்கள். 10 முறை. வலித்தால் நிறுத்திவிட வேண்டும்.

* அரை மணிக்கு ஒருமுறை அசையுங்கள்: ஒரே நிலையில் உறைந்திருப்பது எந்த நிலையானாலும் கெடுதல்தான். தோளை ஏற்றி இறக்குங்கள், கழுத்தை மெதுவாக இருபுறமும் திருப்புங்கள்.

* பஸ் தூக்கம்: கழுத்தைச் சுற்றி ஒரு துண்டைச் சுருட்டி வைத்தால் தலை தொங்காது. வீட்டில் குப்புறப் படுப்பதைத் தவிருங்கள்.

* தாடைக்குச் சில நாள் லீவு: வலி இருக்கும் நாட்களில் முறுக்கு, கரும்பு, எலும்புக் கறி, சூயிங்கம் வேண்டாம். கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. ராகி களியை மெல்ல வேண்டியதே இல்லை, குழம்பில் தோய்த்து அப்படியே விழுங்கலாம். கொட்டாவி வரும்போது முகவாய்க்கு அடியில் கையை முட்டுக் கொடுங்கள்.

* வெந்நீர் ஒத்தடம்: துண்டை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, கன்னத்திலும் பிடரியிலும் 15 நிமிடம் வையுங்கள்.

யாரைப் பார்ப்பது? எதற்கு அவசரப்படக் கூடாது?

முதலில் பல் மருத்துவர். சொத்தை, ஈறு வீக்கம், கடவாய்ப்பல் பிரச்சினை இல்லை என்று உறுதிசெய்த பிறகு, தேவைப்பட்டால் முகத்தாடை நிபுணரும் பிசியோதெரபிஸ்ட்டும் பார்க்க வேண்டும். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்கள் இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வருவார்கள். சம்பளத்தில் 0.75 சதவீதம் அதற்காகப் பிடிக்கப்படுகிறது. பணம் கட்டியாகிவிட்டது, பயன்படுத்திக்கொள்ள வேண்டியதுதான்.

பிசியோதெரபி என்றால் பணக்கார வைத்தியம் என்ற எண்ணமும் தேவையில்லை. வீடு தேடிச் சென்று பிசியோதெரபி தருவதையும் உள்ளடக்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம், 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கியதே இதே கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில்தான். அது முக்கியமாக நடமாட முடியாதவர்களுக்கானது என்றாலும், அரசு மருத்துவமனையில் பிசியோதெரபி பற்றிக் கேட்பதற்கு யாரும் தயங்க வேண்டாம்.

வாயே திறக்காத அளவுக்கு இறுக்கம் இருந்தால், பாக்கு, பான் மசாலா போடும் பழக்கத்தை மருத்துவரிடம் மறைக்காதீர்கள். பாக்கு மெல்லுவதால் வாயின் உட்புறச் சதை நார் போல இறுகும் நோய் வரலாம். அது பிற்காலத்தில் புற்றுநோயாக மாறும் ஆபத்து உள்ளது. உட்காரும் விதத்தை மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது.

பற்களை ராவி மட்டப்படுத்துவது, பல்லைப் பிடுங்குவது, மூட்டில் அறுவை சிகிச்சை போன்ற திருப்பிச் சரிசெய்ய முடியாத சிகிச்சைகளுக்கு யாராவது உடனே அழைத்தால், இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேளுங்கள். தாடை மூட்டுத் தட்டை எடுக்கும் அறுவை சிகிச்சையும், கடியை நிரந்தரமாக மாற்றும் கிளிப்புகளும் வேண்டாம் என்று 2023 வழிகாட்டுதல் வலுவாகச் சொல்கிறது. இரவில் போட்டுக் கழற்றும் கிளிப்பைக்கூட நாள்பட்ட வலிக்கு முதல் சிகிச்சையாக அது பரிந்துரைக்கவில்லை. பல் தேயாமல் காக்க அது உதவலாம், அது வேறு விஷயம்.

இந்த அறிகுறிகள் இருந்தால் காத்திருக்காதீர்கள்

* மாடி ஏறும்போதும், பாரம் தூக்கும்போதும் தாடை வலித்து, உட்கார்ந்ததும் குறைந்தால், அல்லது தாடை வலியோடு நெஞ்சு இறுக்கம், வியர்வை, மூச்சுத் திணறல் இருந்தால் அது மாரடைப்பாக இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள்.
* காய்ச்சலோடு முகம் வீங்கினாலோ, விழுங்க முடியாமல் போனாலோ கிருமித்தொற்று இருக்கலாம்.
* வாய் திறந்தபடியே பூட்டிக்கொண்டால், அல்லது மூன்று விரல்களைச் செங்குத்தாக அடுக்கி வாய்க்குள் நுழைக்க முடியாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள்.
* 50 வயதைத் தாண்டியவருக்கு மெல்லும்போது தாடை வலி, நெற்றிப்பொட்டில் புதிய தலைவலி, பார்வை மங்கல் சேர்ந்து வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரத்தக்குழாய் அழற்சியாக இருந்தால் பார்வையே பறிபோகலாம்.
* வாயில் ஆறாத புண், கட்டி, முகம் மரத்துப்போதல் இருந்தாலும் தாமதிக்கக் கூடாது.

இவை எதுவும் இல்லாமல், வலியில்லாத ‘டக்’ சத்தம் மட்டும் என்றால் பயப்பட வேண்டாம். அது பலருக்கும் இருக்கிறது, சிகிச்சையும் தேவைப்படுவதில்லை. தசை சார்ந்த தாடை வலிகளில் பெரும்பாலானவை எளிய பராமரிப்பிலேயே குறைந்துவிடுகின்றன. அடுத்த முறை மருத்துவரிடம் தாடை வலி என்று போகும்போது, கூடவே இரண்டு விஷயங்களைச் சொல்லுங்கள்: ஒரு நாளில் எத்தனை மணி நேரம், எந்த நிலையில் வேலை செய்கிறீர்கள் என்பதையும், எப்படித் தூங்குகிறீர்கள் என்பதையும். எக்ஸ்-ரேயில் தெரியாத காரணம் அந்தப் பதிலில் இருக்கலாம்.